யாருக்கென்று சொல்லாத நேர்த்தி

மச்சாள்,

போன கிழமை காரை வருடாந்த எம்.ஓ.டி. சோதனைக்கு விட்டிருந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் உங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அதே கராஜ்தான். பின்னேரம் எடுக்கப் போனபோது கராஜ்காரர் சாவியோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தலையும் நீட்டினார். ஹோட்டல் குளியலறைகளில் ஷாம்பு நிரப்பி வைப்பார்களே, அந்த அளவு.

"அக்கா, முன் சீற்றுக்குக் கீழ கிடந்தது. தண்ணி போல கிடக்கு. எறியட்டோ?"

"வேண்டாம், தாங்கோ," என்றேன்.

காரில் ஏறி மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். பாசி மணம். ஈரக் கல்லின் மணம். ஒக்ஸ்போர்டுப் பக்கத்துப் பின்சிக் கிணற்றில் நீங்கள் குனிந்து நிரப்பியது. நான் பொருட்களைச் சேர்த்து வைக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சேலைகளைக்கூட நீங்கள் போய் ஒரு மாதத்துக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டேன். இந்தத் தண்ணீரை ஏன் கேட்டு வாங்கினேன் என்று ஸ்ட்ரெதம் வரும்வரை யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் பூச்சாடியில் ஊற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் என் அண்ணையின் மனைவி. எங்களுக்குள் அதற்கு மேலும் ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் வைக்க இரண்டு பேருமே முயலவில்லை. கடலோரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். பாரிஸில் ஒரே உணவகத்துச் சமையலறையில் அண்ணையைச் சந்தித்தீர்கள். அம்மா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டா. கலியாணம் கோயிலில் நடக்க வேண்டும், அதன் பிறகு நீங்கள் தேவாலயப் பக்கம் போகக் கூடாது. நீங்கள் ஓம் என்றீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். பொட்டு, வெள்ளிக்கிழமை விரதம், சாமியறையில் விளக்கு, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் பிறப்பால் சைவம். பிறந்ததற்கு மேல் அந்த விஷயத்தில் நான் ஒன்றும் செய்ததில்லை.

லண்டனுக்கு வந்து, கடை போட்டு, அது ஓடத் தொடங்கிய காலத்தில் அண்ணையின் கண் போனது. ஒரு கண் சின்ன வயதிலேயே பந்து பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் ஒருநாள் காலை, கடையில் மரக்கறிப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கறுப்புச் சீலை இழுத்தது போல் பாதிப் பார்வை மறைந்தது. விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே கண்ணை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். நான் தொலைபேசியில் அடுத்த நாள் வகுப்புகளை ரத்துச் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பார்வை திரும்பியது. கண் ஆறும்வரை அண்ணை குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது, கட்டில் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டபடி அவர் கிடந்தார். நீங்கள் தரையில் அந்தத் தலைக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தபடி, கடை வாடகையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்படி ஒரு வாடகைப் பேச்சை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தீர்கள். கைப்பையிலிருந்து ஒரு நகைப்பெட்டியை எடுத்துத் திறந்தீர்கள். உள்ளே வெள்ளிக் கண்மலர், ஒரு சோடி. டூட்டிங்கில் நம் ஆட்களின் நகைக்கடை ஒன்றில் செய்வித்தது.

"வடிவாயிருக்கு. எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நகைக்கடைக்காரரும் கேட்டவர். தெரியேல்லை எண்டனான். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தவர்."

"தெரியேல்லையெண்டா?"

"நேர்த்தி வைச்சனான். ஆனா ஆருக்கு எண்டு சொல்ல மறந்துபோனன், மச்சாள். என்ரை மனுசன்ரை கண்ணைத் தா, வெள்ளியில கண் செய்து வைப்பிக்கிறன் எண்டு கேட்டுப்போட்டன். ஆரோ கேட்டுக் குடுத்தும் விட்டினம். இப்ப ஆரெண்டு தெரியாமக் கிடக்கு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் ஆட்கள் நேர்த்தி வைத்தால் முதலில் வருவது இடத்தின் பெயர். மடு மாதாவே, நல்லூர்க் கந்தா என்று தொடங்கித்தான் மிச்சம் வரும். இருபது வருடமாக ஒரு வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் விருந்தாளியாக இருந்த உங்களுக்கு, அந்த நேரத்தில் வாயில் ஒரு பெயரும் வரவில்லை.

"ஆருக்காவது ஒரு ஆளுக்குக் குடுங்கோவன்," என்றேன்.

"அதெப்பிடி? ஒராள் செய்ததுக்கு இன்னொராளிட்டைக் குடுக்கிறதோ? கண்ணை வெட்டினது இஞ்சதானே. இஞ்சத்தைய ஆக்களாத்தான் இருக்கும்."

"கவுன்சில் மாதிரியோ? அந்தந்த ஏரியாவுக்கு அந்தந்த ஆள்?"

"ஓம்," என்றீர்கள், வெகு சாதாரணமாக.

இந்த நாட்டுப் புனிதர்களைத் தேடிப் போக வேண்டும். அம்மா செத்துப் பல வருடமாகியும் அம்மாவுக்குக் கொடுத்த சொல் உங்களைப் பொறுத்தவரை சாகவில்லை. அண்ணைக்குத் தெரியாதவரை அது உடையாது என்பது உங்கள் கணக்கு, அதனால் அவருக்குத் தெரியக் கூடாது. ஜூலையில் நம் ஆட்கள் கோச் பிடித்து வால்சிங்கம் மாதாவிடம் போவார்களே, அதோடு போகலாம் என்று நான் சொன்னேன். "அங்க போனா நான் திரும்பி வர முதல் உங்கட அண்ணைக்குச் செய்தி வந்திடும்," என்றீர்கள். கடைசியில் வழி என் தொழிலிலேயே கிடைத்தது. நான் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாளுக்கு டிரைவிங் வகுப்பு என்று அண்ணையிடம் சொன்னோம். கடை வாசலிலிருந்து நீங்கள்தான் ஓட்டுவீர்கள், எல் போர்டோடு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி. முதல் பெற்றோல் நிலையத்தில் இடம் மாறுவோம். "இன்னும் பாஸ் பண்ணேல்லையோ?" என்று அண்ணை கேட்பார். "ரவுண்டபவுட்டிலதான் பிழைக்குது," என்று நான் சொல்வேன்.

முதலில் கேன்டர்பரி. தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட ஆயரின் இடம். கல்லறை இருந்த மண்டபத்துக்கு ஏறும் படிகள் நடுவில் குழிந்திருந்தன, முழந்தாளில் ஏறியவர்களால் என்று ஒரு தொண்டர் அம்மா சொன்னா. மேலே போனால் கல்லறை இல்லை. பின்னால் வந்த ராசா ஒருவன் அதை உடைத்து, பொன்னையும் மணியையும் வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இருந்த இடத்தில் வெறும் தரை, அதில் ஒரு மெழுகுதிரி. நீங்கள் அந்த வெறுந்தரையைச் சுற்றி வலமாக நடந்தீர்கள், கோயிலில் மூலஸ்தானத்தைச் சுற்றுவது போல். பிறகு தூண் ஓரமாக, தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், மெழுகுதிரிக்கு நேரே நின்றீர்கள். எந்த மதத்தில் சுற்றினீர்கள், எந்த மதத்தில் நின்றீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கண்மலரைத் தொண்டர் அம்மாவிடம் காட்டி, இப்படியானதை இங்கே எங்கே வைக்கிறது என்று கேட்டீர்கள். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா. இப்படியான பொருள் வாங்க இங்கே ஏற்பாடு இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டா. வாசலில் வங்கிக் கார்ட் தட்டுகிற காணிக்கைப் பெட்டி இருப்பதாகச் சொன்னா. பிறகு, முந்திய காலத்தில் சனங்கள் மெழுகில் காலும் கையும் செய்து கொண்டுவந்து இதே இடத்தில் வைத்தார்கள் என்று சொல்லி, வண்ணக் கண்ணாடிச் சன்னலில் சுகம் கிடைத்தவர்களைக் காட்டினா. கண் கிடைத்தவன்கூட ஒருவன் அதில் இருந்தான்.

"அப்ப இவையும் எங்கட ஆக்கள்தான்," என்றீர்கள் என்னிடம்.

"அப்ப கண் தந்தது இவரோ?" என்று கேட்டேன்.

இடமும் வலமுமாகத் தலையாட்டினீர்கள். "இல்லை. இவர் ராசாவோட சண்டை பிடிச்ச ஆள். எங்கட சின்ன விசயத்துக்கெல்லாம் வந்திருக்க மாட்டார்."

நான் போகும்போது கார்ட்டைத் தட்டிவிட்டுப் போனேன். பார்க்கிங் காசைவிட அது குறைவுதான்.

வின்செஸ்டருக்கு மழையில் போனோம். அங்கே இருக்கும் சுவிதன் என்ற புனிதர் மழைக்குப் பொறுப்பான ஆள் என்று இந்த நாட்டில் பகிடியாகச் சொல்வார்கள். அவருடைய எலும்புகளுக்குக் கிட்டப் போவதற்காக அந்தக் காலத்து நோயாளிகள் தவழ்ந்து நுழைந்த ஒரு பொந்து சுவரில் இருந்தது. நீங்கள் குந்தி இருந்து, அதற்குள் வெகு நேரம் எட்டிப் பார்த்தீர்கள். உள்ளேயிருந்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டு எழும்பி வந்தீர்கள். இப்படியே இன்னும் சில இடங்கள். நான் எங்கும் கும்பிடவில்லை. பின்வரிசையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றாமல், நீங்கள் முடித்துக்கொண்டு வரும்வரை உங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாணவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்து பழகியவள், வேறு எதைப் பார்ப்பது?

பின்சியைப் பற்றிச் சொன்னது என்னிடம் ஓட்டப் பழகிய ஒரு கண் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒக்ஸ்போர்டுக்கு வெளியே, ஒடுங்கிய ஒரு பாதையின் முடிவில் சின்னத் தேவாலயம். மரங்களுக்குக் கீழே கல்லறைகள். ஒரு பக்கத்தில் சில கற்படிகள் இறங்கி ஒரு கிணறு. கிணறு என்று சொல்வதும் கூடத்தான். ஒரு குடம் அமிழ்த்தினால் தட்டுப்படும் ஆழம். நம் ஊர்க்காரருக்கு அதைக் கிணறு என்று காட்டவே வெட்கமாயிருக்கும்.

கதையை நான் போனில் வாசித்துச் சொன்னேன். ஃபிரைட்ஸ்வைட் என்று ஒரு அரச குடும்பத்துப் பெண். கடவுளுக்கென்று தன்னைக் கொடுத்துவிட்டவள். ஒரு இளவரசன் அவளைக் கட்டியே தீருவேன் என்று துரத்துகிறான். அவள் ஒளித்துத் திரிகிறாள். அவனுக்குக் கண் குருடாகிறது. அவன் கெஞ்ச, அவள் வேண்டிக்கொள்கிறாள், இந்த இடத்தில் தண்ணீர் வருகிறது, அதைத் தொட்டு அவன் கண்ணைத் திறக்கிறாள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான வருடமாகக் கண் நோவு உள்ளவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள்.

"கலைச்சுத் துரத்தினவனுக்கோ கண் குடுத்தவ?" என்று கேட்டீர்கள்.

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"கோவமில்லாமலோ?"

"அது போடேல்லை."

படியில் இருந்துவிட்டீர்கள். ஈரப்படி, உங்கள் நல்ல கோட்.

"இவதான்," என்றீர்கள்.

"எப்பிடித் தெரியும்?"

"கண் தெரிஞ்ச உடனே திருப்பியும் கலைப்பானோ எண்டு அவவுக்குப் பயமிருந்திருக்கும். எண்டாலும் கேட்டிருக்கிறா. நானும் அண்டைக்கு அப்பிடித்தான் கேட்டனான்."

"அண்ணை உங்களை எங்கை கலைச்சவர்?"

"கலைக்கேல்லை. மாதா கோயிலை விடு எண்டு மாமி சொல்லேக்க, பக்கத்தில ஒண்டும் பேசாம நிண்டவர். அந்தக் கோவம் எனக்குள்ள இருபது வருசம் கிடந்தது, மச்சாள். சமைக்கேக்கயும் இருந்தது, விளக்குக் கொளுத்தேக்கயும் இருந்தது. அவரின்ரை கண்ணைத் தா எண்டு கேக்கேக்க மட்டும் அது இருக்கேல்லை."

அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்தது மரியாதை. அதுவரை இருந்தது பிரியம் மட்டும்தான்.

கண்மலரை அங்கேயே வைத்துவிடலாம் என்றேன். இல்லை என்றீர்கள். கண்ணுக்குரிய ஆள்தான் வந்து தன் கையால் வைக்க வேண்டும், அதுதான் முறை. "நான் வைச்சா அது வெறும் வெள்ளி." அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். கொடுக்காமல் விட்டால் கண் கடனாக வந்ததாகவே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாக்கு உடையும். "நான் சொல்லுறன், நேரம் பார்த்துச் சொல்லுறன்," என்றீர்கள். அந்த நேரத்தைப் பார்த்தே வருடங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும் நிற்கவில்லை. ஆளைக் கண்டுபிடித்த பிறகும் ஏன் போனோம் என்று கேட்டால், போகப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. வந்த வேகத்திலேயே உங்களைக் கொண்டும் போனது. கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவருக்குச் சொல்லேல்லை," என்றீர்கள். என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணை எல்லாக் கிரியைகளையும் சைவ முறைப்படி செய்தார். ஐயர் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் சொன்னதை உங்கள் அக்கா கைக்குள் செபமாலையை மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. ஒரு குறையும் இல்லாத செத்தவீடு. எனக்குத்தான் எதுவும் முடிந்தது போல் இருக்கவில்லை.

எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஒரு சனிக்கிழமை அண்ணையே வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி கேட்டார்.

"தங்கச்சி, அந்த டிரைவிங் பழகின இடங்களுக்கு என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியோ?"

நான் கோப்பையை வைத்துவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமோ?"

"இவ்வளவு வருசமா ஆரும் டிரைவிங் பழகுவினமோ? எனக்குக் கண்ணிலதான் பிழை." சட்டைப் பையிலிருந்து அந்த நகைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "சாமியறையில பிள்ளையாருக்குப் பின்னால இருந்தது. அவ வைச்ச கொஞ்ச நாளிலேயே கண்டிட்டன்."

"பின்னை ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டா, அம்மாக்குக் குடுத்த சொல்லை மீறினவ எண்டு ஆகியிடும். கேக்காட்டி ஒண்டுமில்லைத்தானே. அவ சந்தோசமாப் போட்டு வாறதைக் கெடுப்பானேன் எண்டு விட்டன்."

நீங்கள் அவருக்காக ஒளித்தீர்கள், அவர் உங்களுக்காகக் காணாதது போல் இருந்தார். இரண்டு பேரும் இவ்வளவு நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் விஷயம் எப்போதோ முடிந்திருக்கும். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை, மச்சாள்.

அடுத்த ஞாயிறே பின்சிக்குப் போனோம். அவருக்கு ஒன்றொன்றாக எல்லாவற்றையும் வழியில் சொன்னேன், நீங்கள் கோபத்தைப் பற்றிச் சொன்னதையும். அம்மா சொல்லும்போது அவர் பேசாமல் நின்ற கதைக்கு, கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஓம், நிண்டனான்," என்றார். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அந்தக் கண்ணிலும் இப்போது வேறு ஒரு கோளாறாம். நரம்பு தேய்கிறதாம். மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம், நிற்பாட்ட முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கு நோய் கண்ட அதே மாதத்தில் சொன்னதை உங்களிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கு இது ஒரு வியாதி.

படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பகல் வெளிச்சத்திலும் அவருக்கு நிழல் விழுந்த படி தெரியவில்லை. என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

"அண்ணை, பார்வை திருப்பியும் போகப்போகுதெண்டா இதை ஏன் குடுக்க வேணும்? குடுத்ததைத் திருப்பி எடுக்கினமெல்லோ?"

அவர் தண்ணீருக்கு மேலே கல்லிடுக்கு ஒன்றைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கண்மலரை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பிறகுதான் பதில் சொன்னார்.

"இவ்வளவு வருசமும் அவவைப் பார்த்தனான்தானே. அதுக்குத்தான்."

எனக்கு அழுகை வந்தது. செத்தவீட்டில் வராதது, அந்தப் படியில் வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. நான் அழுது முடியும்வரை கல்லைப் பிடித்தபடி நின்றார்.

நேர்த்தி முடிந்தது. ஆனால் ஞாயிறுகள் முடியவில்லை. மிச்ச இடங்களுக்கும் போக வேண்டும் என்கிறார், கொஞ்சமாவது தெரியும்போதே. போன மாதம் கேன்டர்பரிக்குக் கூட்டிப்போனேன். கதையைச் சொல்ல வாயெடுத்தேன். உடைத்த ராசா, மெழுகில் செய்த கால்கள் எல்லாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. தூணும் கண்ணாடிச் சன்னலும் அவருக்குப் புகைமூட்டம்தான். "அவ எங்கை நிண்டவ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் செபம் தெரியாது, நம்பிக்கையும் வரவில்லை. எந்தப் புனிதர் எந்த நூற்றாண்டு என்று இப்போதும் குழப்புவேன். ஆனால் நீங்கள் எங்கெங்கே நின்றீர்கள் என்பது எல்லாம் தெரியும். எந்தத் தூணுக்கு எந்தப் பக்கம், எந்தப் படியில், எந்தத் திசை பார்த்து என்று சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அண்ணையின் முழங்கையைப் பிடித்துக் கொண்டுபோய், "இதில, அண்ணை," என்று சொல்லிக் கையை விடுவேன். அவர் கால்களை இரண்டு தரம் அரக்கி நகர்த்தி, அந்த இடத்தில் சரியாக நிற்பார்.